விண்மீன்களுக்குக் காவலிருந்த இராதாகோவிந்த சந்திரர்

பிரவேசப் பரீட்சையில் மூன்று முறை தோல்வியுற்ற ஒருவர், பின்னாளில் வானியலாளர்கள் நன்றியுடன் நினைவுகூரும் அவதானிப்பாளராக உயர்ந்தார். வங்கம் ஈன்ற இராதாகோவிந்த சந்திரரே அவர். அன்னாரின் வாழ்வை இன்று நாம் நினைவிற் கொள்வது பொருத்தமாகும்.

இன்றைய பங்களாதேஷில் உள்ள யசோர் நகரையடுத்த பாக்சார் கிராமத்தில் 1878 ஆம் ஆண்டு அவர் பிறந்தார். கல்வி கைகூடாமையால் யசோர் அரச கருவூலத்தில் நாணயங்களைச் சோதிக்கும் சிறு உத்தியோகத்தில் அமர்ந்தார். பகலில் நல்ல நாணயத்தையும் கள்ள நாணயத்தையும் பிரித்தறிந்த கண்கள், இரவில் வானத்தை ஆராய்ந்தன. 1910 இல் ஹேலி வால்வெள்ளியைக் கண்டு களித்த அவர், 1912 இல் இங்கிலாந்திலிருந்து 3 அங்குலத் தொலைநோக்கியொன்றைத் தருவித்தார்.

1918 ஜூன் மாதத்தில் கழுகு மண்டலத்தில் மங்கலான விண்மீனொன்று திடீரெனப் பேரொளியுடன் வெடித்தது. அந்த நோவாவைக் கண்டு சந்திரர் எழுதிய குறிப்புகள் அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வகத்தை எட்டின. மாறொளி விண்மீன் அவதானிப்பாளரின் அமெரிக்கச் சங்கத்துடன் அவருக்கு உறவு ஏற்பட்டது அதன் பயனாகவே.

இச்சங்கத்தார் கண்காணித்து வந்தவற்றுள் குறுநோவா என்னும் வகை விசித்திரமானது. அடர்ந்து சுருங்கிய வெண்குறுமீன் ஒன்று, தன் துணைமீனிடமிருந்து வாயுவைக் கவர்கிறது. அவ்வாயு அதனைச் சுற்றித் தட்டாகத் திரள்கிறது. திரட்சி மிகும்போது தட்டு கொதித்துச் சுடர்விடுகிறது. அன்னப்பறவை மண்டலத்தில் உள்ள ஒரு குறுநோவா, சராசரியாக 50 நாட்களுக்கு ஒருமுறை ஏறத்தாழ 40 மடங்கு பிரகாசம் கொள்கிறது. அம்பு மண்டலத்தில் உள்ள மற்றொன்றோ 1913, 1946, 1978, 2001 ஆகிய ஆண்டுகளில் மட்டுமே பொங்கி எழக் காணப்பட்டது. இவை நாள் குறித்து வருவனவல்ல. ஆகவே இரவுதோறும் எவரேனும் விழித்திருந்து, அருகேயுள்ள நிலையான மீன்களோடு ஒப்பிட்டு, ஒளியின் அளவைக் குறித்தாக வேண்டும். ஒன்றும் நிகழாத இரவின் குறிப்பும் பெறுமதி மிக்கதே. அது இல்லையேல் வெடிப்பு எப்போது தொடங்கிற்று என்பதை எவரும் அறியமுடியாது.

இத்தகைய பொறுமை மிக்க பணிக்கே சந்திரர் தம்மை அர்ப்பணித்தார். 1919 முதல் 1954 வரை அவர் சங்கத்துக்கு அனுப்பிய அவதானிப்புகள் 37,215 ஆகும். அவரது உழைப்பை மதித்து 1926 இல் 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்று அமெரிக்காவிலிருந்து யசோருக்கு வந்து சேர்ந்தது. பிரெஞ்சு அரசும் 1928 இல் அவரைக் கௌரவித்தது.

1947 இல் நாடு பிரிந்தது. பிறந்த கிராமம் அந்நிய தேசமாயிற்று. பிரிவினைக்குப் பின்னர் சந்திரர் இந்தியாவுக்குப் பெயர்ந்து, கல்கத்தாவை அடுத்த பராசத்தில் வாழ்ந்தார். முதுமையில் வறுமையும் அவரை வாட்டியது. 1975 இல் அங்கேயே காலமானார். அவருக்கு அன்பளிப்பாய் வந்த தொலைநோக்கி வானியலறிஞர் வைணு பாப்புவின் கைக்கு மாறி, பின்னர் தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தைச் சென்றடைந்தது.

வீட்டையும் ஊரையும் விட்டு வந்தவர்களாகிய நாம் இவ்வரலாற்றில் ஆறுதல் ஒன்றைக் காண்கின்றோம். யசோரில் அவர் நின்ற முற்றம் அவரிடமிருந்து பறிபோயிற்று. ஆனால் அம்முற்றத்தில் நின்று அவர் குறித்த எண்கள் அழியவில்லை. விண்மீன்களின் நீண்ட வரலாற்றை எழுத முனையும் ஆய்வாளருக்கு அவை இன்றும் உதவுகின்றன. பட்டமும் பதவியும் இல்லாத ஒருவர், ஒரு கடமையை நாள் தவறாது செய்து முடித்தார். எந்த எல்லைக்கோட்டாலும் அதனை அவரிடமிருந்து பிரிக்க முடியவில்லை.