வி. கிருஷ்ணசாமி ஐயர்

வி. கிருஷ்ணசாமி ஐயர் (ஜூன் 15, 1863 – டிசம்பர் 28, 1911) சென்னை மாகாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர், நீதிபதி, கொடையாளர் ஆவார். இந்தியன் வங்கியைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர். இந்திய தேசிய காங்கிரசின் மிதவாதப் பிரிவைச் சேர்ந்தவர். 1906 இல் சென்னையின் அர்பத்நாட் நிறுவனம் நொடித்துப் போனபோது பணத்தை இழந்தவர்களின் சார்பில் வழக்காடினார். அதன் பின்னர் இந்தியர்களின் பங்கு முதலில் இயங்கும் வங்கி ஒன்றை அமைக்க முன்னின்றார்.

இளமையும் தொழிலும்

கிருஷ்ணசாமி ஐயர் தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள திருவிடைமருதூரில் பிறந்தார். தந்தை வெங்கடராம ஐயர் மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர். கும்பகோணம் அரசுக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற இவர், பின்னர் சட்டம் படித்து உயர்நீதிமன்ற வக்கீலாகப் பதிவு செய்துகொண்டார். சில ஆண்டுகளிலேயே சென்னையின் முன்னணி வழக்கறிஞர்களுள் ஒருவரானார். 1891 இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் லா ஜர்னல் என்னும் சட்ட இதழின் தொடக்க கால ஆசிரியர்களுள் இவரும் பி. ஆர். சுந்தர ஐயரும் அடங்குவர்.

அக்காலச் சென்னை அரசியலில் மயிலாப்பூர் குழு, எழும்பூர் குழு என இரு பிரிவுகள் இருந்தன. கிருஷ்ணசாமி ஐயர் மயிலாப்பூர் குழுவின் முக்கியத் தலைவர்களுள் ஒருவர்.

அர்பத்நாட் வீழ்ச்சி

19 ஆம் நூற்றாண்டுச் சென்னையின் வணிகத்தில் பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்று ஆங்கிலேய நிறுவனங்கள் பெரும் புகழ் பெற்றிருந்தன. இவற்றுள் அர்பத்நாட் நிறுவனம் வணிகத்துடன் வங்கித் தொழிலையும் நடத்தியது. பொதுமக்களிடமிருந்து வட்டிக்கு வைப்புத் தொகைகளைப் பெற்றது. அரசு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், கைம்பெண்கள் எனப் பலரும் நிறுவனத்தின் பெயரை நம்பித் தம் சேமிப்பை அங்கு வைத்திருந்தனர்.

இந்நிறுவனம் சில கூட்டாளிகளுக்கு உரிய கூட்டு வணிகமே ஆகும். பதிவு பெற்ற வங்கி நிறுமம் அன்று. எனவே கணக்கை வெளியிடும் கட்டாயம் அதற்கு இல்லை. வைப்புத் தொகைக்கு ஈடாகக் கூட்டாளிகளின் சொந்த முதல் எவ்வளவு இருக்க வேண்டும் என்ற வரையறையும் இல்லை. கணக்கைச் சோதிக்கும் அதிகாரம் கொண்ட மேற்பார்வை அமைப்பும் அக்காலத்தில் இல்லை.

அர்பத்நாட்டின் இலண்டன் தொடர்பு நிறுவனத்தைப் பேட்ரிக் மெக்ஃபேடியன் நடத்தி வந்தார். அங்கு ஊக வணிகத்தில் ஏற்பட்ட இழப்புகள் சென்னை நிறுவனத்தையும் ஆட்டம் காணச் செய்தன. 1906 அக்டோபரில் மெக்ஃபேடியன் தற்கொலை செய்துகொண்டார். அக்டோபர் 22, 1906 அன்று அர்பத்நாட் நிறுவனம் சென்னையில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. நிறுவனத்தின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டு, 18 மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது.

நொடிப்பு நடவடிக்கைகளில் கிருஷ்ணசாமி ஐயர் கடன் கொடுத்தோர் சார்பில் வழக்காடினார். வைப்பாளர்களின் பணம் எவ்வாறு பிற முயற்சிகளுக்குத் திருப்பப்பட்டது என்பது அவ்விசாரணைகளின் வழியே வெளிவந்தது. தண்டனை கிடைத்தபோதும் வைப்பாளர்களால் தம் பணத்தின் ஒரு பகுதியையே திரும்பப் பெற முடிந்தது.

இந்தியன் வங்கி

வீழ்ச்சி நடந்த சில நாட்களிலேயே, 1906 நவம்பரில், கிருஷ்ணசாமி ஐயரும் வேறு சில பிரமுகர்களும் கூடி உள்நாட்டு வங்கி ஒன்றைத் தொடங்குவது பற்றி ஆராய்ந்தனர். சுதேசி இயக்கம் வலுப்பெற்றிருந்த காலம் அது. ஆயினும் மக்களின் நம்பிக்கை தளர்ந்திருந்த நேரத்தில் பங்கு முதல் திரட்டுவது எளிதன்று. வட்டித் தொழிலில் நீண்ட அனுபவம் கொண்ட நகரத்தார்களின் ஆதரவை இவர் நாடினார். அவர்களுள் இராமசாமி செட்டியார் வங்கியின் முதல் இயக்குநர்களுள் ஒருவரானார். இவர் பின்னாளில் ராஜா சர் பட்டம் பெற்ற அண்ணாமலை செட்டியாரின் தமையனார் ஆவார்.

இந்தியன் வங்கி 1907 மார்ச் 5 அன்று பதிவு செய்யப்பட்டு, ஆகஸ்ட் 15, 1907 அன்று சென்னைப் பாரி கட்டடத்தில் பணியைத் தொடங்கியது. இதன் அனுமதிக்கப்பட்ட முதல் 20 லட்சம் ரூபாய். அர்பத்நாட்டுக்கும் இவ்வங்கிக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. இவ்வங்கி நிறுமச் சட்டத்தின் கீழ் அமைந்தது. பலர் செலுத்திய பங்குத் தொகை அதன் முதலாக இருந்தது. பங்குதாரர்களுக்குக் கணக்குக் காட்டும் கடமையும் அதற்கு இருந்தது.

அரசியலும் பொதுப்பணியும்

1907 இல் சூரத் காங்கிரசு மாநாட்டில் பிளவு ஏற்பட்டபோது கிருஷ்ணசாமி ஐயர் மிதவாதிகளின் பக்கம் நின்றார். எனினும் தீவிரவாதப் பிரிவைச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதியின் பாடல்களைக் கேட்டு மகிழ்ந்து, 1907 இல் அவற்றுள் சிலவற்றை 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். பாரதியை இவரிடம் அழைத்துச் சென்றவர் பதிப்பாளர் ஜி. ஏ. நடேசன்.

மயிலாப்பூரில் வெங்கடரமணா ஆயுர்வேத மருத்துவசாலையையும் (1905) சமசுகிருதக் கல்லூரியையும் (1906) நிறுவினார். 1909 இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1911 இல் ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினராக அமர்த்தப்பட்டார். அவ்வாண்டு டிசம்பர் 28 அன்று தமது 48 ஆம் வயதில் காலமானார். இவரது மகன் கே. சந்திரசேகரன் இவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியுள்ளார்.

பிற்கால வங்கி ஒழுங்குமுறை

அர்பத்நாட் வீழ்ச்சி காட்டிய குறைகளைச் சட்டம் நிரப்புவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. 1913 முதல் இந்தியாவில் பல வங்கிகள் முறிந்தன. 1935 இல் இந்திய ரிசர்வ் வங்கி தொடங்கப்பட்டது. 1936 இல் திருத்தப்பட்ட நிறுமச் சட்டம், புதிய வங்கி ஒன்று தொழில் தொடங்கக் குறைந்தது 50,000 ரூபாய் செலுத்தப்பட்ட முதல் வேண்டும் என்றது.

ஆனால் அச்சட்டம் பிரித்தானிய இந்தியாவுக்கு மட்டுமே உரியது. சமஸ்தானங்களில் அது செல்லாது. இந்த எல்லையின் தன்மையை இன்றைய தேனி மாவட்டத்தில் உள்ள போடிநாயக்கனூரைக் கொண்டு அறியலாம். மலையடிவாரத்தில் உள்ள அவ்வூர் அன்று சென்னை மாகாணத்து மதுரை மாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் மேற்கே உயரும் ஏலமலை திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மலையில் விளையும் ஏலக்காய் போடிக்கு இறங்கி வந்து விற்பனையானது. சரக்கும் பணமும் எல்லையைக் கடந்தன. வங்கிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் எல்லையில் நின்றுவிட்டது.

இதன் விளைவு 1938 இல் வெளிப்பட்டது. முந்தைய ஆண்டில் இரு வங்கிகள் இணைந்து உருவான திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் வங்கி ஜூன் மாதத்தில் பணம் கொடுப்பதை நிறுத்தியது. அது சமஸ்தானத்தில் பதிவு பெற்றுச் சென்னை மாகாணத்திலும் தொழில் செய்த வங்கியாகும். இதன் பின்னர் வங்கிகளுக்கெனத் தனிச் சட்டம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 1939 இல் பரிந்துரைத்தது. 1949 இல் வங்கி நிறுமச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. வங்கிக்கு உரிமம் வழங்கவும் கணக்குகளைச் சோதிக்கவும் ரிசர்வ் வங்கி அதிகாரம் பெற்றது. 1960 இல் பாலாய் சென்ட்ரல் வங்கி முறிந்ததைத் தொடர்ந்து, 1962 இல் வைப்புத் தொகைக் காப்பீடு தொடங்கியது. அப்போது காப்பீட்டு வரம்பு ஒருவருக்கு 1,500 ரூபாய். 2020 இல் அது 5 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

முதல் போதுமை

ஒரு வங்கி கொடுத்த கடன்களின் இடர்ப்பாட்டுக்கு ஏற்ப அதற்குச் சொந்த முதல் இருக்க வேண்டும் என்பதே முதல் போதுமை விதியாகும். 100 ரூபாய் கடன் கொடுத்த வங்கியிடம் 9 ரூபாய் சொந்த முதல் இருப்பதாகக் கொள்வோம். கடனில் 5 ரூபாய் திரும்பாவிட்டால் அந்த இழப்பைப் பங்குதாரர்கள் தாங்குவர். சொந்த முதல் 1 ரூபாய் மட்டுமே எனில் எஞ்சிய 4 ரூபாய் வைப்பாளர்களின் தலையில் விழும். பாசெல் குழு 1988 இல் இவ்விகிதத்தை 8 விழுக்காடு என வகுத்தது. நரசிம்மம் குழுவின் பரிந்துரையை ஏற்று ரிசர்வ் வங்கி 1992 இல் இம்முறையைக் கொண்டுவந்தது. 2000 மார்ச் முதல் 9 விழுக்காடாக உயர்த்தியது.

இவ்விதியின் கடுமையை இந்தியன் வங்கியும் சந்தித்தது. 1969 இல் நாட்டுடைமையான அவ்வங்கி, 1995–96 நிதியாண்டில் 1,336 கோடி ரூபாய் இழப்பைக் காட்டியது. வாராக் கடன்கள் அதன் முதலைக் கரைத்தன. நடுவண் அரசு புதிய முதல் அளித்ததாலும் கடன் வழங்கல் கட்டுப்படுத்தப்பட்டதாலும் 2000களின் தொடக்கத்தில் வங்கி மீண்டும் இலாபத்துக்குத் திரும்பியது. 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இதனுடன் இணைக்கப்பட்டது.

அர்பத்நாட் வைப்பாளர்களுக்குக் கிடைக்காத பாதுகாப்பை மூன்று ஏற்பாடுகள் இன்று அளிக்கின்றன: பங்குதாரரின் முதல், வெளியார் சோதனை, காப்பீடு. இவற்றுள் கிருஷ்ணசாமி ஐயரின் காலத்தில் தனி மனிதர்களால் அமைக்க முடிந்தது முதலாவது மட்டுமே. ஏனைய இரண்டும் அரசின் சட்டத்தால் மட்டுமே இயன்றன.