ஜான் மோசசு பிரௌனிங்

ஜான் மோசசு பிரௌனிங் (சனவரி 23, 1855 – நவம்பர் 26, 1926) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த துப்பாக்கி வடிவமைப்பாளர் ஆவார். இவர் 128 காப்புரிமங்களைப் பெற்றவர். இன்று புழக்கத்தில் உள்ள அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை இவர் வகுத்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் வெற்றுத் தோட்டாக்கூடு தவறாமல் வெளியேற வேண்டும், சேறும் புழுதியும் படிந்தாலும் பாகங்கள் இறுகிவிடக் கூடாது என்ற இரண்டு சிக்கல்களுக்கு இவர் கண்ட தீர்வே அதற்குக் காரணம்.

இளமை

பிரௌனிங் யூட்டா பகுதியில் உள்ள ஆக்டன் நகரில் பிறந்தார். தந்தை ஜோனத்தான் பிரௌனிங் மோர்மன் சமயத்தைச் சேர்ந்த துப்பாக்கிக் கொல்லர். மூன்று மனைவியர் வழியாக அவருக்கு 22 பிள்ளைகள். தந்தையின் பட்டறையில் கிடந்த உடைந்த துப்பாக்கிகளே சிறுவனுக்கு விளையாட்டுப் பொருள்களாகவும் பாடநூல்களாகவும் இருந்தன. பிரௌனிங் பொறியியல் கல்வி எதுவும் பெற்றவர் அல்லர். மனத்தில் தோன்றியதை அரத்தாலும் உளியாலும் நேரடியாக உலோகத்தில் செய்து பார்ப்பதே இவரது வழக்கம். பிற்காலத்தில் மாதிரிகளைச் செய்வதில் தம்பி எட் துணை நின்றார்.

1879இல் ஒற்றைத் தோட்டா ரைபிள் ஒன்றுக்கு முதல் காப்புரிமம் கிடைத்தது. 1883இல் வின்செஸ்டர் நிறுவனம் அதன் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கியது. அதன்பின் சுமார் இருபது ஆண்டுகள் அந்நிறுவனத்திற்காகவே இவர் வடிவமைத்தார். 1902இல் தானியங்கி வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்கு, விற்பனையாகும் ஒவ்வொன்றுக்கும் உரிமத்தொகை வேண்டும் என இவர் கேட்டதும் உறவு முறிந்தது. பின்னர் பெல்ஜியத்தின் எஃப். என். நிறுவனம் அதனை ஏற்றுக்கொண்டது.

தானியங்கி முறை

1889இல் ஒரு சுடும் போட்டியின்போது, குழலின் முனையிலிருந்து வெளியேறிய வாயு அருகிலிருந்த நாணல்களை வளைத்ததை இவர் கவனித்தார் என்பர். ஒவ்வொரு முறையும் வீணாகும் அந்த ஆற்றலைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்ற முடியும் என்ற எண்ணம் அங்குப் பிறந்தது. முதலில் இயந்திரத் துப்பாக்கி, பிறகு கைத்துப்பாக்கி. 1897 ஏப்ரல் 20 அன்று கைத்துப்பாக்கிகளுக்கான காப்புரிமங்கள் ஒரே நாளில் பலவாக வழங்கப்பட்டன. சிறிய வகைகளை எஃப். என். நிறுவனமும், ஆற்றல் மிக்க வகைகளை அமெரிக்காவின் கோல்ட் நிறுவனமும் தயாரித்தன.

எஃப். என். தயாரித்த சிறிய கைத்துப்பாக்கிகள் சட்டைப்பையில் அடங்குபவை. ஆதலால் அவை படைவீரர்களைத் தாண்டி வேறு கைகளுக்கும் சென்றன. 1909இல் நாசிக்கில் ஆட்சியர் ஜாக்சனைக் கொல்லப் பயன்பட்டது, இலண்டனிலிருந்து இரகசியமாக அனுப்பப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கிகளுள் ஒன்று. 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடர்வண்டி நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன் கையிலிருந்ததும் பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங்கே. அதனாலேயே அவர் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். 1914இல் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டதும் இவரது வடிவமைப்பே. ஆக்டனில் வாழ்ந்த இந்த மோர்மன் கைவினைஞர் மணியாச்சியின் பெயரைக் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்லை.

1911 கைத்துப்பாக்கி

பிலிப்பைன்ஸ் போரில் 0.38 அங்குலச் சுழல் துப்பாக்கிகள் போதிய ஆற்றலுடன் இல்லை என அமெரிக்கப் படையினர் முறையிட்டனர். எனவே 0.45 அங்குல விட்டமுள்ள புதிய கைத்துப்பாக்கி ஒன்றைப் படைத்துறை தேடியது. கோல்ட் நிறுவனத்தின் சார்பில் பிரௌனிங் போட்டியிட்டார். பல ஆண்டுகள் நீண்ட சோதனைகளில் இவரது வடிவம் படிப்படியாகத் திருத்தம் பெற்றது. தொடக்கத்தில் குழலின் இரு முனைகளிலும் இணைப்புத் துண்டுகள் இருந்தன. பின்னர் பின்முனையில் மட்டும் ஒன்று போதும் எனக் கண்டார்.

இறுதிச் சோதனையில் ஒரே துப்பாக்கியிலிருந்து 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. சூடேறியபோது அதனை நீரில் அமிழ்த்திக் குளிரவைத்துத் தொடர்ந்தனர். எதிர்த்துப் போட்டியிட்ட சாவேஜ் துப்பாக்கி 37 முறை பழுதுற்றது. பிரௌனிங்கின் துப்பாக்கி ஒருமுறையும் தடைப்படவில்லை. 1911 மார்ச் 29 அன்று அது ஏற்கப்பட்டு, 1985 வரை அமெரிக்கப் படையின் கைத்துப்பாக்கியாக விளங்கியது.

வெற்றுக்கூடு வெளியேறும் விதம்

சுட்ட கணத்தில் குழலும் அதன்மேல் உள்ள சறுக்குப் பகுதியும் ஒன்றோடொன்று பூட்டிய நிலையில் சில மில்லிமீட்டர் பின்னோக்கி நகரும். அதற்குள் குண்டு குழலை விட்டு நீங்கியிருக்கும். பின்பு அடியிலுள்ள இணைப்புத் துண்டு குழலைக் கீழே இழுத்துப் பூட்டை விடுவிக்க, சறுக்குப் பகுதி மட்டும் பின்னோக்கிச் செல்லும். அதன் வலப்புறமுள்ள கொக்கி வெற்றுக்கூட்டின் விளிம்பைப் பற்றி இழுத்துவரும். உடற்சட்டத்தின் இடப்புறத்தில் அசையாது நிற்கும் தள்ளுமுனையில் கூட்டின் அடிப்பகுதி மோதும். ஒருபுறம் பிடி, மறுபுறம் மோதல். ஆகவே கூடு கொக்கியை அச்சாகக் கொண்டு சுழன்று வலப்புறத் திறப்பின் வழியே தெறித்து விழும்.

இதில் கொக்கியின் அமைப்பு கவனிக்கத்தக்கது. அதற்குத் தனிச் சுருள்வில் கிடையாது. நீண்ட வில்லெஃகுத் துண்டான அதுவே கொக்கியும் வில்லும் ஆகும். பாகம் ஒன்று குறைந்தால் பழுதுறும் இடமும் ஒன்று குறையும் என்பது பிரௌனிங்கின் போக்கு. ஆனால் அந்த வளைவின் அளவு சரியாக இருக்க வேண்டும். இறுக்கம் மிகுந்தால் புதிய தோட்டாவின் விளிம்பு கொக்கிக்கு அடியில் ஏறாமல் துப்பாக்கி பாதியிலேயே நின்றுவிடும். இறுக்கம் குறைந்தால் தள்ளுமுனையை அடையும் முன்னரே கூடு நழுவிவிடும். சறுக்குப் பகுதி திரும்பும்போது அது இடையில் சிக்கிக்கொள்ளும். எதிரி எதிரே நிற்கையில் இவற்றுள் எது நேர்ந்தாலும் படைவீரனின் கையிலிருப்பது வெறும் இரும்புத்துண்டு.

கூடு எங்கே விழுகிறது என்பதே நல்ல அறிகுறி. ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தொலைவில் விழுந்தால் கொக்கியும் தள்ளுமுனையும் இசைந்து இயங்குகின்றன எனக் கொள்ளலாம். ஒன்று முகத்தை நோக்கியும் மற்றொன்று காலடியிலும் விழுந்தால் பெரும்பாலும் கொக்கியே சோதிக்கப்படும். பிற்காலத்தில் போட்டியாளர்கள் தள்ளுமுனையை நீட்டினர். நீண்ட முனையில் கூடு சற்று முன்னதாகவே மோதும். கூடுகள் நசுங்காமலிருக்கத் திறப்பின் கீழ்விளிம்பைத் தாழ்த்தியும் அமைத்தனர். இம்மாற்றங்களைப் பின்னர் தொழிற்சாலைகளும் மேற்கொண்டன.

பாகங்களின் பொருத்தம்

படைத்துறைக்கு எந்தத் துப்பாக்கியின் பாகமும் எந்தத் துப்பாக்கிக்கும் அரம் படாமலே பொருந்த வேண்டும். இரண்டாம் உலகப் போரில் தட்டச்சுப்பொறி செய்துவந்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனமும் இவற்றைத் தயாரித்தது. நம் வீடுகளில் தையல் இயந்திரத்தால் அறிமுகமான சிங்கர் நிறுவனமும் 500 துப்பாக்கிகளைச் செய்தது. அதற்குரிய தளர்ச்சி வடிவமைப்பிலேயே இடம்பெற்றிருந்தது. குலுக்கினால் ஒலியெழுப்பும் படைத்துறைத் துப்பாக்கியைக் குறையுடையது என்பது சரியன்று. அந்த இடைவெளியில்தான் மணலும் கரியும் ஒதுங்குகின்றன.

இலக்குப் போட்டிக்கு இத்தளர்ச்சி பொருந்தாது. 1950களில் தொடங்கி, தேர்ந்த கைவினைஞர்கள் குழலையும் அதன் முன்முனை வளையத்தையும் பூட்டுப் பற்களையும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியே அராவிப் பொருத்தினர். ஒவ்வொரு முறையும் குழல் அதே இடத்திற்குத் திரும்பி அமர்வதே குறி தவறாமைக்கு முதன்மைக் காரணம். அதனை விடுத்து மற்ற இடங்களையெல்லாம் இறுக்குவது நம்பகத்தன்மையைக் கெடுக்கும். எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்பதில் பிரௌனிங்கின் முதல் முடிவுகள் பெரிதும் மாறாமலே நீடிக்கின்றன.

இறுதிக்காலம்

முதல் உலகப் போரின்போது 1911 கைத்துப்பாக்கி உள்ளிட்ட தம் ஆயுதங்களின் உரிமையை அமெரிக்க அரசுக்கு 7,50,000 டாலருக்கு வழங்கினார். வழக்கமான உரிமத்தொகை இதைப் போல் பன்மடங்கு இருந்திருக்கும்.

1923இல் 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்றுக்குக் காப்புரிமம் கோரி விண்ணப்பித்தார். அது நிறைவு பெறும் முன்னரே, 1926 நவம்பர் 26 அன்று பெல்ஜியத்தின் லீஜ் நகரருகே எஃப். என். தொழிற்சாலையில் மகன் வால் என்பவரின் அலுவலகத்தில் மாரடைப்பால் காலமானார். காப்புரிமம் மறு ஆண்டு பிப்ரவரியில் கிடைத்தது. எஞ்சிய பணியை பெல்ஜிய வடிவமைப்பாளர் தியுதொனே சேவ் முடித்தார். குழலை இறக்க, அசையும் இணைப்புத் துண்டுக்கு மாற்றாகக் குழலோடு ஒன்றிய சாய்தளம் அமைந்தது. பழுதுறும் இடம் மேலும் ஒன்று குறைந்தது. 13 தோட்டாக்கள் கொள்ளும் இது 1935இல் வெளிவந்தது. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் இந்தியப் படைகளுக்காகச் செய்யப்பட்ட 9 மி.மீ. 1ஏ கைத்துப்பாக்கி இதன் வழிவந்ததே.