கணிதமேதை ராமானுஜனும் பள்ளிக்கூடமும்

பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் வாங்கும் மதிப்பெண்தான் படிப்பு என்று நாம் நினைக்கும் இந்நாளில், ஸ்ரீநிவாச ராமானுஜனின் மாணவப் பருவத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது.

1887 டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில் தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில் பிறந்த அவர், கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தார். தந்தை ஸ்ரீநிவாச அய்யங்கார் ஜவுளிக்கடைக் கணக்கர். தாயார் கோமளத்தம்மாள் கோயில் பஜனையில் பாடுவார். வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்தார்கள். அவர்கள் மூலம் கிடைத்த லோனியின் திரிகோணமிதிப் புத்தகத்தைப் பதின்மூன்று வயதிலேயே கரைத்துக் குடித்துவிட்டார்.

1898-ல் சேர்ந்த டவுன் ஹைஸ்கூல் அவரை அடையாளம் கண்டுகொண்டது. சுமார் 1,200 மாணவர்களுக்கும் 35 ஆசிரியர்களுக்கும் கால அட்டவணை போடும் சிக்கலான வேலையைக் கணக்கு ஆசிரியர் இந்தப் பையனிடம் ஒப்படைத்தார். 1904-ல் கணிதப் பரிசு வழங்கியபோது, இவனுக்கு முழு மதிப்பெண்கூடப் போதாது என்று தலைமையாசிரியர் கிருஷ்ணசுவாமி அய்யர் சபையிலேயே பாராட்டினார்.

அதே ஆண்டு உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார். எந்நேரமும் கணிதமே, ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கும் மற்றப் பாடங்கள் காலை வாரின. எப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வி. பட்டமுமில்லை, வேலையுமில்லை. வறுமையில் நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.

விடைத்தாளுக்குத் தெரியாதது சில நல்ல மனிதர்களுக்குத் தெரிந்தது. டெபுடி கலெக்டர் ராமஸ்வாமி அய்யர் அவரைக் கணித அறிஞர்களிடம் அனுப்பிவைத்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. 1913-ல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். எப்.ஏ. தேறாதவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் அதே ஆண்டு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது! 1914-ல் கப்பலேறியவர், 1918-ல் ராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-ல் முப்பத்திரண்டே வயதில் மறைந்தார்.

மற்றப் பாடங்கள் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். அவற்றில் தவறியதற்கு ராமானுஜன் கொடுத்த விலை பல வருடங்கள். ஆனால் அவருடைய கணிதத்தை டவுன் ஹைஸ்கூல் கற்றுக்கொடுக்கவில்லை. அதைக் கண்டுகொண்டு மதித்தது. அதுவே பெரிய கல்வி. நம் குழந்தையின் பள்ளியில் மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் நாம், அவன் எதில் தன்னை மறக்கிறான் என்பதை அறிந்த ஆசிரியர் ஒருவராவது அங்கே இருக்கிறாரா என்றும் கேட்போமாக. முதலில், பெற்றோராகிய நமக்கே அது தெரியுமா?