இருட்டை வைத்து முகம் வரைந்தவர்
(ஜூலியா மார்கரெட் கேமரன், 1815 – 1879)



போட்டோன்னா முகம் பளிச்சுன்னு விழணும் என்றுதான் நாம நினைக்கிறோம். ஆனால் 160 வருஷத்துக்கு முன்னாலேயே நிழலையும் இருட்டையும் வைத்து, மனசில் இருப்பதை முகத்தில் காட்டிய ஒரு பெண்மணி இருந்தார். அவர் பெயர் ஜூலியா மார்கரெட் கேமரன். பெயரிலேயே பாதிக் கேமரா இருக்கு பாருங்க!

பிறப்பும் குடும்பமும்

இவர் 1815 ஜூன் 11-ல் நம் நாட்டில், கல்கத்தாவில் பிறந்தார். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. 1838-ல் சார்லஸ் ஹே கேமரன் என்ற சட்ட அறிஞரை மணந்தார். 1848-ல் குடும்பத்தோடு இங்கிலாந்து போனார். பிறகு வைட் தீவில் ஃபிரஷ்வாட்டர் என்ற ஊரில் குடியேறினார்.

48 வயதில் வந்த கேமரா

1863-ல் கணவர் இலங்கை போயிருந்தார். அம்மா தனியாக இருக்கிறாரே என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கித் தந்தார்கள். அப்போது அவருக்கு வயது 48! நிலக்கரி போடும் அறையை இருட்டறை ஆக்கினார். கண்ணாடி போட்ட கோழிக் கொட்டகையிலிருந்து கோழிகளை வெளியே விட்டுவிட்டு அதையே ஸ்டுடியோ ஆக்கினார்.

முதலில் ஒரு விவசாயிக்குக் காசு கொடுத்து உட்கார வைத்து எடுத்தார். கை பட்டு அந்தப் படம் அழிஞ்சே போச்சு. ஆனாலும் விடவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியை எடுத்த படம்தான் அவருக்குத் திருப்தி தந்த முதல் படம்.

அந்தக் காலத்தில் ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவணும். எதிரில் இருப்பவர் நிமிஷக் கணக்கில் ஆடாமல் அசையாமல் உட்காரணும். மருந்து பட்டு இவர் கையும் உடுப்பும் கறுத்துப் போகுமாம்.

நிழலின் வேலை

பின்னால் இருட்டாக வைப்பார். தோளில் கறுப்புத் துணி போர்த்துவார். வெளிச்சத்தை ஒரு பக்கத்திலிருந்தோ மேலிருந்தோ மட்டும் விடுவார். மற்றதெல்லாம் இருட்டில் மறைய, முகம் மட்டும் தெரியும். 1867-ல் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷலைப் படம் எடுக்கும்போது, தலைமுடியைக் கழுவிப் பஞ்சு மாதிரி ஆக்கச் சொன்னாராம். கறுப்புப் பின்னணியில் அந்த வெள்ளை முடி ஒளிவட்டம் மாதிரி மின்னும். போட்டோ அழியாமல் இருக்க உதவும் ஹைப்போ மருந்தின் குணத்தைக் கண்டுபிடித்தவரும் இதே ஹெர்ஷல்தான். எழுத்தாளர் கார்லைல் படத்தில் முகத்தின் ஒரு பகுதி நிழலுக்குள் போயிருக்கும். டார்வின், கவிஞர் டென்னிசன் ஆகியோரையும் இவர் எடுத்திருக்கிறார். பெரிய மனிதர்கள் மட்டுமில்லை, தன் வீட்டு வேலைக்காரப் பெண் மேரி ஹில்லியரையும் மாதா வேடத்தில் எடுத்தார்.

ஏளனமும் பெருமையும்

படம் மங்கல், விரல் ரேகை தெரியுது, கீறல் இருக்கு என்று அன்றைய போட்டோ சங்கத்துக்காரர்கள் குறை சொன்னார்கள். தெளிவாக எடுக்கத் தெரியாதவர் என்றார்கள். ஆனால் இவர் தன் வழியை மாற்றிக்கொள்ளவில்லை. ஊசி முனை போலத் தெளிவாக இருந்தால் போதாது, பார்ப்பவர் மனசு அசையணும் என்று நினைத்தார். 1865-லேயே லண்டன் சவுத் கென்சிங்டன் மியூசியம் இவர் படங்களை வாங்கியது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் மியூசியம் என்ற பெயரில் அது அவற்றைப் பாதுகாக்கிறது.

இலங்கையில் கடைசிக் காலம்

1875-ல் கணவரோடு இலங்கையில் குடியேறினார். போகும்போதே தங்களுக்கான சவப்பெட்டிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டார்களாம்! அங்கே தோட்டத்தில் வேலை செய்த ஏழை மக்களையும் படம் எடுத்தார். அவற்றில் கொஞ்சம்தான் மிஞ்சியிருக்கின்றன. 1879 ஜனவரி 26-ல் காலமானார். பொகவந்தலாவையில் தேயிலை மலைகளுக்கு நடுவே அவர் கல்லறை இருக்கிறது.

முடிவுரை

அவர் கேமரா பிடித்த காலம் சுமார் 15 வருஷம்தான். குறை சொன்னவர்கள் பெயர் இன்று நமக்குத் தெரியாது, அவர் படங்கள் தெரியும். ஆகவே தோழிகளே, கற்றுக்கொள்ள வயசு தடையில்லை. அடுத்த முறை சாயங்காலம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கும் உங்க பாட்டி முகத்தைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்க. ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். நிழல் இருப்பதால்தான் அந்தச் சுருக்கம் ஒவ்வொன்றும் நமக்குத் தெரியுது.



– 9-ஆம் வகுப்பு மாணவி