டிக்கன்ஸ் கலவரங்களுக்கு முகம் கொடுத்தவர்!

சார்லஸ் டிக்கன்ஸ் நாவல்களின் பழைய படம் ஏதாவது உங்க போன்ல வந்தா, கீழ் ஓரத்தை ஜூம் பண்ணிப் பாருங்க. 'ஃபிஸ்'னு ஒரு கையெழுத்து இருக்கலாம். அவர் பெயர் ஹாப்லட் நைட் பிரவுன்.

செதுக்கு ஓவியப் பட்டறையில் தொழில் பழகிய பிரவுனுக்கு, 1836-ல் டிக்கன்ஸின் 'பிக்விக்' தொடருக்குப் படம் போடும் வாய்ப்பு வந்தது. அப்போ வயசு 20. அதே வேலையைக் கேட்டு, கிடைக்காமல் திரும்பியவர் யார் தெரியுமா? பின்னாளில் 'வேனிட்டி ஃபேர்' எழுதிய தாக்கரே! டிக்கன்ஸின் புனைபெயர் 'பாஸ்'. அதுக்கு ஜோடியாத்தான் 'ஃபிஸ்'.

1841-ல் வாரத் தொடராக வந்த 'பார்னபி ரட்ஜ்', 1780 லண்டன் கலவரத்தின் கதை. கட்டடங்களைப் பெரும்பாலும் ஜார்ஜ் கேட்டர்மோல் வரைய, வெறிபிடித்த ஜனங்கள் பிரவுன் கைக்கு வந்தாங்க. மரக்கட்டை மேல அவர் வரைந்து தருவார். வெள்ளையா தெரிய வேண்டிய இடத்தையெல்லாம் செதுக்குபவர் வெட்டி எடுத்திடுவார். மிஞ்சி நிற்கும் கோடுகள்தான் மை பிடிக்கும். அச்செழுத்தோடு சேர்த்தே அடிக்கலாம் என்பதால், கலவரத்தைப் படிக்கிற பக்கத்திலேயே அந்தக் கூட்டமும் உங்களை முறைக்கும்!

1859-ல் பிரெஞ்சுப் புரட்சி நாவலான 'எ டேல் ஆஃப் டூ சிட்டீஸ்'. அதுக்கப்புறம் டிக்கன்ஸ் அவரைக் கூப்பிடவே இல்லை. 23 வருஷ உறவு, என்ன மனஸ்தாபமோ! பிறகு படம் போடும் வாய்ப்பு மார்கஸ் ஸ்டோன் என்ற இளைஞருக்குப் போனது.

1867-ல் பக்கவாதம். கை முன்போல ஒத்துழைக்கலை. ஆனாலும் 1882-ல் இறக்கும்வரை பிரவுன் வரைவதை விடலை.