பல தொழில் வல்ல இசைப் பெரியார் ஆபிரகாம் பண்டிதர்

ஆசிரியர், சித்த வைத்தியர், தோட்டக்காரர், புகைப்படக் கலைஞர், அச்சகத்தார். இத்தனை தொழில்களுக்கும் நடுவே தமிழிசையின் வேரைத் தேடியவர் ஆபிரகாம் பண்டிதர்.

அன்னார் 1859ஆம் ஆண்டு தென்காசிக்கு அண்மையிலுள்ள சாம்பவர்வடகரையில் பிறந்தார். திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் வயலினும் பழகினார். சுருளிமலையில் கருணானந்தர் என்னும் முனிவரிடம் மூலிகை இரகசியங்களைக் கற்றாராம். பின்பு தஞ்சாவூரில் குடியேறிப் பள்ளியில் படிப்பித்தார். 1890இல் அந்த உத்தியோகத்தை விட்டு முழுநேர வைத்தியரானார். ஊருக்கு வெளியே அவர் அமைத்த மூலிகைத் தோட்டத்துக்கு ஆசானின் பெயரால் கருணானந்தபுரம் என்று பெயரிட்டார்.

மருந்து விற்ற பணம் எங்கே போயிற்று என்பதுதான் விசேஷம். 1912இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, தம் செலவிலேயே ஏழு இசை மாநாடுகளைக் கூட்டினார். வித்துவான்களுக்கு உணவும் தங்குமிடமும் அவர் பொறுப்பே! ஒரு ஸ்தாயிக்குச் சுருதி 22 என வடமொழி நூல்வழி வந்தோர் சாதிக்க, சிலப்பதிகாரத்தை ஆராய்ந்த பண்டிதர் 24 என்றார். 1916இல் பரோடா மாநாட்டில் அவருடைய புதல்வியர் இருவர் அதனைப் பாடியே காட்டினர். எல்லோரும் ஏற்றார்களில்லை. அவரும் விட்டாரில்லை. மறு ஆண்டே ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார்.

1919 ஆகஸ்டில் பண்டிதர் காலமானார். பழந்தமிழிசை ஆராய்ச்சி அத்துடன் நின்றுவிடவில்லை. நமது காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளாரின் யாழ் நூல் 1947இல் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது.