விசையை வசப்படுத்தியவர்

நீலகிரி மலையிலிருந்து இறங்கும் பைக்காரா ஆற்றின் விசையால் மின்னாக்கிகள் சுழன்று, 1930களின் தொடக்கத்தில் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. நூற்பாலைகள் அதனை ஆவலோடு வரவேற்றன. ஆழக் கிணறு வெட்டிக் கவலை பூட்டி நீர் இறைத்துக்கொண்டிருந்த உழவர்க்கும் புதிய நம்பிக்கை பிறந்தது. ஆயினும் மின்சாரம் தானாக நீர் இறைப்பதில்லை. அதற்கு மோட்டார் வேண்டும். மோட்டாரோ அக்காலத்தில் கடல் கடந்து வந்தது. அது பழுதுபட்டால் உதிரிப்பாகத்திற்காகக் கப்பலை எதிர்நோக்கிக் காத்திருக்க வேண்டும். இந்நிலையை மாற்ற முனைந்தவர் ஜி.டி. நாயுடு.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். பள்ளிப் படிப்பில் மனம் ஒன்றவில்லை. தொடக்க வகுப்புகளோடு அது நின்றுபோயிற்று. இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் குதிரையும் இன்றி ஒரு வண்டி ஓடுவதன் சூட்சுமம் அவரை உறங்கவிடவில்லை. கோவைக்குச் சென்று உணவு விடுதி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கூலியைச் சிறுகச் சிறுகச் சேமித்து, அத்தகைய வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊர்வலம் வரவில்லை. அக்கக்காகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவருக்குப் பள்ளிக்கூடமும் பாடநூலும் அவ்வண்டியே என்பது மிகையன்று.

1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தை ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே. அத்தொழில் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. ஈட்டிய பொருளை நிலத்திலும் நகையிலும் முடக்காமல் பட்டறைகளில் இட்டார் என்பதே அவரைப் பிற செல்வரினின்று வேறுபடுத்துகிறது.

1937ஆம் ஆண்டு, பீளமேட்டில் டி. பாலசுந்தரத்துடன் இணைந்து நாயுடு உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகப் போற்றப்படுகிறது. மின்னாக்கியும் மோட்டாரும் ஒரே தத்துவத்தின் இரு முகங்கள். காந்தப்புலத்தில் கம்பிச் சுருளைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும்; அச்சுருளில் மின்சாரத்தைச் செலுத்தினால் சுழற்சி பிறக்கும். இத்தத்துவத்தை மைக்கேல் பாரடே வெளிப்படுத்தி நூறாண்டு கடந்திருந்தது. அறிவதற்கு அது எளிது, செய்வதற்கு அரிது. மெல்லிய எஃகுத் தகடுகளை ஒரே அளவாக வெட்டி அடுக்க வேண்டும். செப்புக் கம்பியின் காப்புப் பூச்சு ஓரிடத்தில் தேய்ந்திருந்தாலும் சுருள் கருகிவிடும். சுழலும் பகுதிக்கும் நிலைத்த பகுதிக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளியே இருக்கலாம். இவற்றையெல்லாம் உள்ளூர்த் தொழிலாளரின் கைகளுக்குப் பழக்கியதே உண்மையான சாதனை. கோவை பின்னாளில் மோட்டார் நகரமாக விளங்கியதற்கு அப்பழக்கம் ஒரு வித்து.

உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டார் கொண்ட சவரக்கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, வாக்குப்பதிவு இயந்திரம், பழச்சாறு பிழியும் கருவி என அவர் சிந்தனை பல திசைகளிலும் சென்றது. 1952இல் இருவர் செல்லத்தக்க சிறு காரை இரண்டாயிரம் ரூபாய் விலையில் அளிக்க முன்வந்தார். அரசின் உரிமம் கிட்டவில்லை. அம்முயற்சி அத்துடன் நின்றது. வரிவிதிப்பில் கசப்புற்று, தாம் செய்த கருவிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்துக் காட்டியதும் உண்டு. அச்செயலில் நியாயம் எவ்வளவு, சினம் எவ்வளவு என்பது இன்றும் விவாதத்திற்குரியது.

கல்வியிலும் அவர் வழி தனி வழி. 1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்கள் தோன்றக் காரணமாக இருந்தார். பொறியியலை நான்கு ஆண்டுகள் இழுத்துப் படிப்பது வீண் என்றும் பட்டறையில் பயின்றால் பாதிக் காலமே போதும் என்றும் வாதிட்டார். அரசு இசையாததால் பொறுப்பிலிருந்து விலகினார். அவற்றுள் ஒன்றே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி.

நாயுடு 1974ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள் மறைந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் இந்தியாவின் முதல் செயற்கைக்கோளான ஆரியபட்டா விண்ணில் ஏவப்பட்டது. மோட்டார் அவர் காணாத வெளிக்கும் சென்றது. புதுச்சேரியின் பாகூர் வயலில் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கிய மோட்டாரைச் சூழ்ந்துள்ள நீரே குளிர்விக்கிறது. மேசை விசிறியின் மோட்டாரைக் காற்று குளிர்விக்கிறது. விண்வெளியில் நீருமில்லை, காற்றுமில்லை. காந்தப்புலத்திற்குக் காற்று தேவையில்லாததால் மோட்டார் அங்கும் சுழலும். ஆனால் அதன் வெப்பம் உலோகத்தின் வழியே கடந்து, கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும். சாதாரண மசகு எண்ணெய் வெற்றிடத்தில் ஆவியாகிவிடும். கரித்தூரிகைகள் வழுக்கிச் செல்லக் காற்றின் ஈரம் துணைசெய்கிறது; அது இல்லாவிடத்து அவை விரைவில் தேய்ந்து தூளாகும். ஆகவே விண்கலங்களில் தூரிகையற்ற மோட்டார்களும் வெற்றிடம் தாங்கும் மசகுப் பொருள்களும் பெரிதும் பயன்படுகின்றன.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவில் இறக்கிய பிரக்யான் ஊர்திக்கு ஆறு சக்கரங்கள். ஒவ்வொரு சக்கரத்திற்கும் தனித்தனி மோட்டார். நிலவுப் பயணத்திற்கு முன், நிலவின் மண்ணை ஒத்த மண்ணில் சோதனை செய்ய வேண்டியிருந்தது. அம்மண் கொங்கு நாட்டிலேயே, நாமக்கல்லை அடுத்த ஊர்களிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது.